பழைய கணினியை விற்கும் முன்: தரவை மீட்க முடியாதபடி அழிப்பது எப்படி?

கோப்புகளை அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. ஹார்ட் டிஸ்கில் அப்படி அழியும்போது, கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் போகிறது. அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதப்படும்வரை, இலவச மென்பொருளைக் கொண்டே கோப்பை மீட்டுவிடலாம். வட்டைச் சில நொடிகளில் காலியாக்கும் குயிக் ஃபார்மட்டும் இதே ரகம்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் இருவர் 158 பழைய ஹார்ட் டிஸ்குகளை வாங்கிச் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129இல் 12 மட்டுமே முறையாக அழிக்கப்பட்டிருந்தன.

முதலில், வேண்டியதை எல்லாம் வெளி வட்டில் நகலெடுங்கள். நகலில் நான்கைந்து கோப்புகளையாவது திறந்து பாருங்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை மறக்க வேண்டாம்.

அடுத்து, உள்ளே இருப்பது சுழலும் தட்டில் எழுதும் ஹார்ட் டிஸ்கா, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியா என்று பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குப் போனால் தெரியும். ஹார்ட் டிஸ்க் என்றால் முழுவதையும் ஒருமுறை மேலெழுதினால் போதும். 35 முறை எழுத வேண்டும் என்ற அறிவுரை 1996ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றிலிருந்து வந்தது. இன்றைய வட்டுகளுக்கு அது வீண் வேலை. எஸ்எஸ்டி வேறு வகை. தேய்மானத்தைப் பரவலாக்க, அது புதிய தரவைப் பழைய இடத்தில் எழுதாமல் வேறிடத்தில் எழுதிக்கொள்கிறது. எனவே மேலெழுதுவதை நம்ப முடியாது.

இந்தச் சிக்கலுக்கு நான் பரிந்துரைப்பது குறியாக்கம் (என்கிரிப்ஷன்), அதாவது திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி தரவை மாற்றிவைப்பது. விண்டோஸ் ப்ரோ பதிப்பில் இதற்கென உள்ளேயே இருக்கும் பிட்லாக்கரை இயக்குங்கள். முழு வட்டையுமா, பயன்படுத்திய இடத்தை மட்டுமா என்று கேட்கும். முழு வட்டையும் என்பதையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் முன்பு அழித்த கோப்புகளின் மிச்சம் குறியாக்கப்படாமல் தங்கிவிடும். ஹோம் பதிப்பில், கணினி அதற்கு ஏற்றதாக இருந்தால், செட்டிங்ஸில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ இருக்கும். குறியாக்கம் முடிந்தபின் வட்டைத் துடைத்தால் திறவுகோலும் அழிந்துவிடும். அதன்பிறகு எதை மீட்டாலும் படிக்க முடியாது.

இனி துடைக்கும் வேலை. லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவிடுங்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று சென்று ‘ரீசெட் பிசி’யை அழுத்துங்கள். ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவசரப்பட்டு அடுத்த பொத்தானை அழுத்த வேண்டாம். ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ உள்ளே போய் ‘க்ளீன் டேட்டா’வை ‘யெஸ்’ ஆக்குங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவ் இருந்தால் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லும் தேர்வும் அங்கேயே இருக்கும். பெரிய ஹார்ட் டிஸ்கில் இது பல மணி நேரம் எடுக்கும். இந்த வசதி வீட்டுப் பயனர்களுக்கானது, அரசுத் தரநிலைகளுக்கு ஏற்றதல்ல என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. குறியாக்கத்தை முன்னால் வைக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. ஆப்பிள் சிலிக்கான் (ஆப்பிளின் சொந்தச் சிப்) அல்லது டி2 பாதுகாப்புச் சிப் உள்ள கணினியில், 2021இல் வந்த மான்டெரே இயங்குதளம் முதல் ‘எரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்’ என்ற வசதி இருக்கிறது. ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேற்றுவதையும் அதுவே கவனித்துக்கொள்ளும்.

கணினி உயிர் பெறவே இல்லை என்றால் வட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிடுங்கள். விலை சற்றுக் குறையும், குறையட்டும்.

துடைத்து முடிந்ததும் வரவேற்புத் திரை வரும். உங்கள் கணக்கைக் கொண்டு உள்ளே போய்ச் சோதிக்க வேண்டாம், அப்படியே அணைத்துவிடுங்கள். பிறகு கைப்பேசியில் வாட்ஸ்அப்பின் ‘லிங்க்டு டிவைசஸ்’ பட்டியலிலிருந்தும், மைக்ரோசாஃப்ட், கூகுள் கணக்குகளின் சாதனப் பட்டியலிலிருந்தும் அந்தக் கணினியை நீக்குங்கள். ஒப்படைக்கும் முன் மெமரி கார்டு துளையையும் டிவிடி தட்டையும் திறந்து பாருங்கள்.