வலுவூட்டலா, தண்டனையா? இரண்டே கேள்விகளில் கண்டுபிடிக்கலாம்

நான் ஃபோனை எடுத்தால் போதும், என் மகள் வந்து சட்டையைப் பிடித்து இழுப்பாள். "பேசிட்டிருக்கேன்ல, சும்மா இரு!" என்று அதட்டுவேன். வாரக்கணக்கில் அதட்டியும் இழுப்பது கூடியதே தவிரக் குறையவில்லை. தண்டனை என்று நினைத்து நான் கொடுத்தது, அவளுக்கு வேறொன்றாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது என்ன என்று கண்டுபிடிக்கும் வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: செயலை எண்ணக்கூடியதாக எழுதுங்கள்

"அடம்", "சோம்பேறித்தனம்" என்பதெல்லாம் நம்முடைய தீர்ப்புகள். அவற்றை எண்ண முடியாது. "ஃபோன் பேசும்போது சட்டையை இழுக்கிறாள்" என்றால் எண்ணலாம்.

படி 2: முன், செயல், பின்

ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். செயலுக்குச் சற்று முன் என்ன நடந்தது, செயல் என்ன, உடனே அடுத்து என்ன நடந்தது என்று மூன்று நான்கு நாள் குறித்து வாருங்கள். "உடனே" என்பது முக்கியம். காலையில் செய்ததற்கு மாலையில் தரும் பரிசு, சின்னக் குழந்தையின் மனதில் அந்தச் செயலோடு ஒட்டுவது கடினம்.

என் தாளில் "பின்" என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே வரிதான் இருந்தது: "திரும்பி அவளைப் பார்த்துப் பேசினேன்."

படி 3: இரண்டு கேள்விகள்

முதல் கேள்வி: அந்தச் செயல் போகப் போகக் கூடுகிறதா, குறைகிறதா? கூடினால், அல்லது அப்படியே நிலைத்து நின்றால், நடப்பது வலுவூட்டல். குறைந்தால் தண்டனை.

இரண்டாவது கேள்வி: செயலுக்குப் பின் புதிதாக ஒன்று வந்து சேர்ந்ததா, இருந்த ஒன்று விலகியதா? சேர்ந்தால் நேர்மறை, விலகினால் எதிர்மறை.

நேர்மறை என்றால் நல்லது, எதிர்மறை என்றால் கெட்டது என்று இங்கே பொருள் இல்லை. கணக்கில் வரும் கூட்டல் குறி, கழித்தல் குறி மாதிரிதான். பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்றே நினைத்துவிடுகிறார்கள். காரில் சீட் பெல்ட் போடும்வரை ஒலி கேட்டுக்கொண்டே இருக்கும், போட்டதும் நின்றுவிடும். தொல்லை விலகியது, பெல்ட் போடும் பழக்கம் கூடியது. அதனால் அது எதிர்மறை வலுவூட்டல். சூடான பாத்திரத்தைத் தொட்டுச் சுட்டுக்கொண்டு, அப்புறம் தொடாமல் இருப்பது நேர்மறைத் தண்டனை. சண்டை போட்டதால் விளையாட்டுப் பொருளை எடுத்து வைத்தோம், சண்டை குறைந்தது என்றால் எதிர்மறைத் தண்டனை.

ஒரே நிகழ்ச்சியில் இரண்டு பேர் இரண்டு பாடம் கற்பதும் உண்டு. குழந்தை மிட்டாய் கேட்டு அழுகிறது, அம்மா கொடுத்துவிடுகிறார், அழுகை நிற்கிறது. குழந்தைக்கு மிட்டாய் வந்து சேர்ந்தது: அழுவதற்கு நேர்மறை வலுவூட்டல். அம்மாவுக்கு அழுகைச் சத்தம் விலகியது: கொடுத்து அடக்குவதற்கு எதிர்மறை வலுவூட்டல். இரண்டு பேரும் அடுத்த முறை இதையே செய்வார்கள். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, என் மகளுக்கு வருவோம். இழுப்பது கூடுகிறது, என் கவனம் வந்து சேர்கிறது. ஆக, என் அதட்டல்தான் நேர்மறை வலுவூட்டல். நம் எண்ணம் என்ன என்பதை வைத்துப் பெயர் சூட்டக் கூடாது. செயலுக்கு என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் சூட்ட வேண்டும்.

படி 4: கவனத்தை வேறு செயலுக்கு மாற்றுங்கள்

வேண்டாத செயலுக்குக் கிடைப்பதை நிறுத்துங்கள். அதையே வேண்டிய செயலுக்கு உடனே கொடுங்கள். "அப்பா முழங்காலில் கை வைத்தால் உடனே திரும்புவேன்" என்று அவளிடம் சொன்னேன். இழுத்தால் திரும்புவதில்லை.

முதலில் நிலைமை மோசமாகலாம். இதுவரை கிடைத்தது திடீரென நின்றால், செயல் அடங்கும் முன் ஒரு தடவை பொங்கி எழுவது உண்டு. பொறுக்க முடியாமல் அந்த நேரத்தில் விட்டுக்கொடுத்தால், இன்னும் பலமாக இழுத்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்தவர்கள் ஆகிறோம். எப்போதாவது மட்டும் கிடைக்கும் பலன், எப்போதும் கிடைப்பதைவிடச் செயலை உறுதியாக ஊன்றிவிடும். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர், நெம்புகோலை அழுத்தினால் எலிக்கு உணவு கிடைக்கும்படி சோதனைகள் செய்தார்; அதற்கான உணவு உருண்டைகளையும் தாமே செய்துவந்தார். ஒரு சனிக்கிழமை கையிருப்பு போதாது என்று தெரிந்ததும், நெம்புகோலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் கொடுக்காமல் இடைவெளி விட்டுக் கொடுத்தார். எலிகள் அழுத்துவதை விடவில்லை.

படி 5: தண்டிக்கும் முன்

1938இல் வெளியான தம் நூலில் ஸ்கின்னர் ஒரு சோதனையைச் சொல்கிறார். உணவை நிறுத்திய பிறகு, நெம்புகோலை அழுத்திய சில எலிகளின் பாதத்தில் தொடக்கத்தில் அடி விழுமாறு செய்தார். அழுத்துவது சட்டென்று குறைந்தது. அடி நின்ற பிறகு அவை மீண்டும் அழுத்தின. கடைசியில் மொத்த எண்ணிக்கை அடிபடாத எலிகளுடையதற்குக் கிட்டத்தட்டச் சமமானது. பின்னால் வந்த ஆய்வுகள், கடுமையான தண்டனையின் விளைவு நீடிக்கலாம் என்றும் காட்டின. ஆனாலும் தண்டனை எதைச் செய்யக் கூடாது என்று மட்டுமே சொல்கிறது. பதிலுக்கு எதைச் செய்வது என்று சொல்வதில்லை. கூடவே பயத்தையும், தண்டிப்பவரிடமிருந்து விலகலையும் கொண்டுவரும். அதனால் நான்காம் படியை முழுதாக முயன்று பார்க்காமல் இங்கே வராதீர்கள் என்பேன்.

எங்கள் வீட்டில் இரண்டாம் நாள் சட்டைப் பொத்தானே அறுந்தது. ஐந்தாம் நாள் பேச்சின் நடுவே முழங்காலில் ஒரு சின்னக் கை வந்து உட்கார்ந்தது. "ஒரு நிமிஷம்" என்று ஃபோனில் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.