லாங் ஷாட்டில் கோயில் எங்கே போச்சு?

ஃபோகஸ் போனது, ஃப்ரேம் சாய்ந்தது, கை ஆடியது எல்லாம் இங்கே வேண்டாம். படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும், அடுத்த தடவை சரியாகிவிடும். ஆளையும் பின்னால் இருக்கும் பெரிய இடத்தையும் சேர்த்துத் தூரத்திலிருந்து எடுக்கும் லாங் ஷாட்டில் வேறு சில தவறுகள் உண்டு. எடுத்தவருக்கே கடைசிவரை புரியாது. என்னிடம் போட்டோ வேலை பழக வரும் பையன்கள் ஒரே பள்ளத்தில் வரிசையாக விழுகிறார்கள். நாங்களும் விழுந்த பள்ளம்தான்.

ஆளைப் பக்கத்தில் நிறுத்துவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

கல்யாணம் முடிந்த கையோடு பெண்ணையும் மாப்பிள்ளையையும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். கூடப் போன பையனின் கேமராவில் 16-35 எம்.எம். லென்ஸ், நிறைய இடத்தை அள்ளும் வைட். ஜோடியைக் கிட்டத்தில் நிறுத்தி, வைடில் வைத்து எடுத்துத் தள்ளிவிட்டான். ஆல்பம் வந்ததும் மாப்பிள்ளையின் அப்பா நடுப்பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: “தம்பி, பெரிய கோயிலுக்குத்தானே போனீங்க? கோயில் எங்க?” கோயில் இருந்தது, மாப்பிள்ளையின் தோளுக்குக் கீழே. திரும்ப எடுக்கவும் வழியில்லை, ஜோடி அதற்குள் துபாய்க்கு விமானம் ஏறியாச்சு. பாக்கிப் பணமும் வரவில்லை.

கணக்கு ரொம்பச் சின்னது. கோயில் விமானம், அதாவது கருவறைக்கு மேலே எழும் கோபுரம், ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். அதிலிருந்து 180 மீட்டர் தள்ளி நீங்கள் நிற்கிறீர்கள், ஆள் உங்களுக்கு 3 மீட்டர் முன்னால் என்று வையுங்கள். படத்தில் ஆளின் உயரம் விமானத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் வரும். முதலாம் இராஜராஜன் 1010இல் கட்டி முடித்த கோயில் ஒரு கிளிக்கில் குட்டையாகிவிடும். நீங்கள் அசையாமல் அதே ஆளை உங்களிடமிருந்து 30 மீட்டர் தள்ளிப் போய் நிற்கச் சொல்லுங்கள். இப்போது விமானம் அவரைப் போல சுமார் ஆறு மடங்கு. 24 எம்.எம். மாட்டினாலும் 85 மாட்டினாலும் அந்த ஆறு மடங்கு மாறாது. எவ்வளவு இடம் ஃப்ரேமுக்குள் வரும் என்பதுதான் லென்ஸின் வேலை. எது பெரிது, எது சிறிது என்பது தூரத்தின் கையில்.

அதனால் ஆள் எங்கே, நாம் எங்கே என்று முதலில் நடந்து பார்த்துவிட வேண்டும். லென்ஸ் பைக்குள் கை போவது அதற்கப்புறம். அந்த 180 மீட்டரிலிருந்து 85 எம்.எம்.மில் கேமராவை நெட்டுக்குப் பிடித்தால் விமானம் ஃப்ரேமின் முக்கால்வாசி உயரத்துக்கு நிற்கும். கிட்டே போய் அண்ணாந்து எடுத்தால் அது பின்னால் சாய்கிற மாதிரி வருமே, தூரம் போகப் போக அதுவும் குறையும்.

“அவ்வளவு தூரம் போனா மூஞ்சி தெரியாதே அண்ணே” என்பான் பழக வந்த பையன். தெரியாதுதான். மூஞ்சிக்கு வேறு படம் எடு. இரண்டையும் ஒன்றில் அடக்கப் பார்த்தால் ரெண்டுங்கெட்டானாகத்தான் வரும்.

கல் நிறத்தில் சேலை

தூரத்து ஆளைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுப்பது நிறம்தான். காலை வெயிலில் அந்தக் கல் பழுப்பு மஞ்சளாக மின்னும். சந்தன நிறப் பட்டும் மாம்பழ மஞ்சளும் அதில் கரைந்துவிடும். அரக்குச் சேலை தனித்துத் தெரியும். பின்னால் நிழல் விழுந்த சுவர் என்றால் வெள்ளை வேட்டியே போதும். ஜோடி ஒட்டி நிற்க வேண்டாம். இருவருக்கும் நடுவே கொஞ்சம் வெளிச்சம் தெரியட்டும், இல்லாவிட்டால் ஒரே ஆளாகத் தெரிவார்கள்.

எஃப் 22

கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் தெளிவாக வர லென்ஸின் துவாரத்தை எஃப் 22 வரை சுருக்குவார்கள். வேண்டாம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 24 எம்.எம்., எஃப் 8, இரண்டரை மீட்டரில் ஃபோகஸ். சுமார் ஒன்றேகால் மீட்டரிலிருந்து கடைசிவரை தெளிவாக இருக்கும். 22க்குப் போனால் படம் மொத்தமாக மழுங்கும்.

“அப்புறம் கிராப் பண்ணிக்கலாம்”

24 மெகாபிக்சலில் அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி வெட்டினால் மிச்சம் 6.

மத்தியானத்தில் டெலி

தரை சூடேறிய பிறகு, தூரத்தைக் கிட்டே இழுத்துக் காட்டும் 200 எம்.எம். டெலி லென்ஸில் எடுத்தால் விமானத்தின் விளிம்பு நெளிந்து நெளிந்து வரும். நடுவில் இருக்கும் சூடான காற்று செய்கிற வேலை. லென்ஸ் கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்குக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். டிரைபாட் வைத்தாலும் போகாது. அதை உள்ளே கொண்டுபோகத் தொல்லியல் துறை அனுமதி வேறு வாங்க வேண்டும். கோயில் கிழக்குப் பார்த்தது, காலை வெயில் நேராக முகப்பில் விழும். எட்டு மணிக்குள் முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.