சும்மா இருக்கும் ப்ராசஸர் சுடுகிறதா? கூலரைக் கழற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள்

போன வாரம் ஒரு தம்பி சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, ஒண்ணுமே ஓடல, சும்மாதான் இருக்கு, ஆனா 52 டிகிரி காட்டுது" என்றான். நான் மானிட்டர் கேபிளைத் தேடி எடுத்துத் திரும்புவதற்குள் பக்க மூடியைக் கழற்றி, கூலரின் திருகுகளையும் எடுத்துவிட்டான். இரண்டு கையாலும் கூலரைப் பிடித்து நேராக மேலே இழுக்கத் தயாராக நின்றான். நான் போட்ட சத்தத்தில் கையை எடுத்துக்கொண்டான். அத்தனை கோபம் எனக்கு ஏன் வந்தது என்று அவனுக்குப் புரியவில்லை. சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி இழுத்தவன் நான்.

தூசி தட்டாமல் விடுவது, கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பது இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை விட்டுவிட்டு, மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

எடுத்த எடுப்பில் பேஸ்டின் மேல் பழி போடுவது

அப்போது என்னிடம் இருந்தது ஏஎம்4 சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்) உள்ள போர்டில் ஏஎம்டியின் ரைசன் 3700எக்ஸ் ப்ராசஸர். 8 கோர், 16 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் 16 வேலைகளை ஓட்டும். டெஸ்க்டாப்பில் வால்பேப்பரைத் தவிர ஒன்றும் இல்லை, ஆனால் வெப்பம் 60-ஐ விட்டு இறங்கவில்லை. பார்த்த வீடியோவில் எல்லாம் ஒரே பாட்டு: பேஸ்ட் (சிப்புக்கும் கூலருக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தப் பூசும் களிம்பு) காய்ந்துவிட்டது, மாற்றுங்கள், பத்து டிகிரி குறையும். சரி என்று சிஸ்டத்தை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். மறுநாள் காலையில் கிளிப்பைத் தளர்த்தி, கூலரை நேராக மேலே இழுத்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். கூலர் கையில் வந்தது, கூடவே ப்ராசஸரும் அதன் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. சாக்கெட்டின் லீவர் பூட்டியது பூட்டியபடியே இருந்தது.

ஏஎம்4 ப்ராசஸரில் பின்கள் சிப்பின் அடியிலேயே இருக்கின்றன, மொத்தம் 1331. சாக்கெட் அவற்றைப் பக்கவாட்டில் கவ்வித்தான் பிடிக்கிறது, மேலிருந்து அழுத்தும் சட்டம் எதுவும் கிடையாது. ஆறிப்போன பேஸ்ட் பசை மாதிரி இறுகியிருக்கும்போது நேராக இழுத்தால் சாக்கெட்டின் பிடிதான் முதலில் தோற்கும். எனக்கு ஒரு மூலையில் ஐந்தாறு பின்கள் சாய்ந்திருந்தன. மெக்கானிக்கல் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்தக் குழாய் முனையைப் பின்னில் மாட்டி மெதுவாக நிமிர்த்துவது நல்ல வழிதான். நான்கு நிமிர்ந்தன. ஐந்தாவது முறிந்தது. அப்புறம் அந்தச் சிப் உயிர் பெறவேயில்லை.

அதே மாடலில் புதுச் சிப் ஒன்று வாங்கினேன். நல்ல பேஸ்ட் வாங்கினேன், பார்த்துப் பார்த்துப் பூசினேன். பழைய எஸ்எஸ்டியையே மாட்டி சிஸ்டத்தைப் போட்டேன். வெப்பம் 60. இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது!

என்ன நடந்தது என்றால், பின்னணியில் ஒரு பேக்கப் மென்பொருள் ஏதோ ஒரு கோப்பில் சிக்கி, அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தது. டாஸ்க் மேனேஜரில் சிபியு 6 சதவீதம் என்று இருந்ததால் நான் அதைக் கண்டுகொள்ளவேயில்லை. 16 த்ரெட்டில் ஒன்று முழு வேகத்தில் ஓடினால் 100-ஐ 16-ஆல் வகுத்தது, அதாவது 6.25 சதவீதம்தான் காட்டும். பார்க்க சும்மா இருப்பது போலிருக்கும். உள்ளே ஒரு கோர் உச்ச வோல்டேஜில் உயிரை விட்டு ஓடிக்கொண்டிருக்கும். அந்த மென்பொருளை நிறுத்தினேன், வெப்பம் நாற்பதுக்குப் பக்கத்தில் இறங்கி நின்றது. பழைய சிப்பிலும் இதைச் செய்திருக்கலாம், காசு செலவில்லாமல்.

பேஸ்டின் மேல் பழி போடுவது ஏன் தவறு என்று ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். சிப்புக்கும் கூலருக்கும் நடுவே உருவாகும் வெப்ப வித்தியாசம், அந்த வழியே போகும் வாட்டைப் பொறுத்தது. மோசமான பேஸ்ட் ஒரு வாட்டுக்கு 0.1 டிகிரி கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 150 வாட் இழுக்கும்போது அது 15 டிகிரி. சும்மா இருக்கையில் 20 வாட் என்றால் வெறும் 2 டிகிரி. ஆக, பேஸ்ட் உண்மையிலேயே கெட்டிருந்தால் அது லோடு, அதாவது கனமான வேலை, கொடுக்கும்போதுதான் கத்தும். சும்மா இருக்கும்போது வரும் எண்ணை வைத்து பேஸ்டை எடை போடவே முடியாது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது வாட். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற அளவு மென்பொருளில் சிபியு பேக்கேஜ் பவர் என்று ஒரு வரி இருக்கும். 3000 வரிசையிலிருந்து வரும் சிப்லெட் வகை (பல சின்னச் சிப்களைச் சேர்த்துச் செய்த) டெஸ்க்டாப் ரைசன்கள் சும்மா இருக்கும்போதே 20 முதல் 30 வாட் வரை இழுக்கும், அது இயல்பு. இன்டெல் சிப்கள் பொதுவாக இதைவிடக் குறைவாக இழுக்கும். இங்கே 45, 50 வாட் என்று நின்றால் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள்.

வாட் குறைவாக இருந்தும் வெப்பம் அதிகம் என்றால் ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் ஒரு ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டை ஓட்டிப் பாருங்கள். தொடங்கிய ஓரிரு நொடியிலேயே 90-ஐத் தாண்டிக் குதித்தால் கூலர் சரியாக உட்காரவில்லை என்று சந்தேகப்படலாம். நிமிடக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறினால் காற்றோட்டத்தைப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால், பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு அணையுங்கள். பவர் கேபிளைப் பிடுங்குங்கள். பேஸ்ட் இளகியிருக்கும்போதே கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி, அது வழுக்க ஆரம்பித்த பிறகு தூக்குங்கள். ஏஎம்5, இன்டெல் சாக்கெட்டுகளில் பின்கள் போர்டில் இருக்கின்றன, சிப்பை ஒரு உலோகச் சட்டம் அழுத்திப் பிடித்திருக்கும், அதனால் இந்த விபத்து அங்கே நடக்காது. அங்கே வேறு பயம்: திறந்த சாக்கெட்டில் ஒரு திருகு விழுந்தால் போதும், போர்டு போச்சு.

"சும்மாதான் இருக்கு" என்ற வார்த்தையை நம்புவது

விண்டோஸ் புதிதாகப் போட்ட அன்று அப்டேட்டும் தேடல் இன்டெக்ஸும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு எடுக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. அசையும் வால்பேப்பர், ஆர்ஜிபி விளக்குக்கு ஒரு மென்பொருள், மவுஸுக்கு ஒன்று, ஹெட்செட்டுக்கு ஒன்று என்று அடுக்கியிருப்பவர்களும் என்னிடம் "சும்மா" என்றுதான் சொல்வார்கள்.

விண்டோஸின் பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வைத்திருந்தால் குறைந்தபட்ச ப்ராசஸர் நிலை 100 சதவீதம் என்று இருக்கும். வேலை இல்லாதபோதும் வேகம் இறங்காது. பேலன்ஸ்டுக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் ப்ராசஸரைத் திருட்டுத்தனமாக ஓட்டி கிரிப்டோ காயின் மைன் செய்யும் சில வைரஸ்கள் டாஸ்க் மேனேஜரைத் திறந்ததுமே அடங்கிவிடும். திறந்தால் வெப்பம் குறைகிறது, மூடினால் ஏறுகிறது என்றால் கூலரை விட்டுவிட்டு வைரஸைத் தேடுங்கள்.

கிடைத்த எண்ணையெல்லாம் வெப்பம் என்று எடுத்துக்கொள்வது

2017-ல் வந்த ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் சிப்களில் சென்சார் காட்டும் எண்ணே உண்மையைவிட 20 டிகிரி கூடுதல். ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்காக வேண்டுமென்றே சேர்த்தது. அது தெரியாமல் நல்ல கூலரைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. போர்டில் எதனோடும் இணைக்காத சென்சார்கள் 100-க்கு மேல் உளறுவதும் சகஜம்.

வெப்பம் 40-லிருந்து 55-க்குத் தாவி உடனே இறங்குவதும் கோளாறு இல்லை. பிரவுசரில் ஒரு கிளிக் செய்தாலே ரைசன் ஒரு கோரை நொடிப்பொழுது உச்சத்துக்கு ஏற்றி இறக்கும். நொடிக்குப் பலமுறை அளக்கும் மென்பொருளும் உறங்கும் கோரைத் தட்டி எழுப்பத்தான் செய்யும். இரண்டு மூன்று அளவு மென்பொருள்களை ஒன்றாக ஓட்டாதீர்கள்.

பயாஸில் பார்த்துப் பதறுவது

விண்டோஸ் தொடங்கும் முன் வரும் போர்டின் அமைப்புத் திரைதான் பயாஸ். அங்கே மின்சிக்கன வசதிகள் முழுதாக வேலை செய்யாது, அதனால் கூடுதலாகத்தான் காட்டும்.

அறையின் வெப்பத்தை மறப்பது

34 டிகிரி அறையில் 30 டிகிரி ப்ராசஸர் கேட்காதீர்கள்.

வாட்டர் கூலரின் பம்பை ஃபேன் மாதிரி நடத்துவது

பம்பின் வயரை போர்டில் உள்ள சாதாரண ஃபேன் ஹெடரில் (ஃபேன் வயர் சொருகும் இடம்) சொருகிவிட்டு மறந்துவிடுகிறார்கள். வெப்பம் குறைவாக இருக்கும்போது போர்டு அந்த ஹெடரின் வேகத்தைக் குறைக்கும், பம்பும் சோம்பிப்போகும். பம்புக்கென்று ஹெடர் இருந்தால் அதில் கொடுங்கள், இல்லையென்றால் பயாஸில் அந்த ஹெடரை முழு வேகத்தில் நிறுத்துங்கள். ரேடியேட்டரைவிடப் பம்ப் உயரத்தில் இருந்தால் காற்று பம்பில் வந்து தேங்கும், சலசலவென்று சத்தம் வரும்.

சும்மா இருக்கும்போதே 70, 80 என்று நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று கொதிக்க, இன்னொன்று சில்லென்று இருந்தால் தண்ணீர் ஓடவில்லை. அணைத்துவிடுங்கள்.

அலுமினிய அடி உள்ள கூலருக்கு லிக்விட் மெட்டல்

பேஸ்டுக்குப் பதில் பூசும் இந்தத் திரவ உலோகம் அலுமினியத்தை அரித்துவிடும். வேண்டாம்.

மெதுவாகச் சுற்றும் ஃபேனைக் கோளாறு என்று நினைப்பது

அந்தத் தம்பியின் சிஸ்டத்துக்கு வருகிறேன். அவன் எடுத்த திருகுகளை நானே திரும்ப மாட்டி, சிஸ்டத்தைப் போட்டுப் பார்த்தேன். 26 வாட். பின்னணியில் உருப்படியாக எதுவும் ஓடவில்லை. லோடு கொடுத்தால் 78-ல் போய் நின்றது. கூலரில் ஒரு குறையும் இல்லை. ஃபேன் மட்டும் 500 ஆர்பிஎம்மில் தூங்கிக்கொண்டிருந்தது, பயாஸில் சைலன்ட் என்று வைத்திருந்தான்.

ஃபேன் கர்வை (எந்த வெப்பத்துக்கு எவ்வளவு வேகம் என்ற அமைப்பு) மாற்றி 1100-க்கு ஏற்றினேன். 52 டிகிரி 44 ஆனது. சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் மெசேஜ் வந்தது: "அண்ணா, ராத்திரி சத்தம் தாங்கல, பழையபடி சைலன்ட்லயே போட்டுட்டேன்."