அஞ்செட்டி மலைக்குப் போறதுக்கு முன்னாடி டோப்போ ஷீட் படிக்கிறது எப்படி

ஃபோன் மேப்ல மூணு கிலோமீட்டர்தான்னு காட்டுதேன்னு அஞ்செட்டி காட்டுப்பக்கம் கெளம்பிடாதீங்க, நடுவுல ஒரு பெரிய பள்ளம் எறங்கி ஏறணும்ங்கறத அது சொல்லாது. மேடு பள்ளத்தையெல்லாம் கோடு போட்டுக் காட்டுற அரசாங்க மேப், சர்வே ஆஃப் இந்தியா டோப்போ ஷீட், அது சொல்லும்.

ஷீட்டுங்களுக்குப் போட்ட பழைய நம்பர்ல அஞ்செட்டி, ஒகேனக்கல் எல்லாம் 57 ஹெச், தருமபுரி டவுன் 57 எல், ஒவ்வொண்ணுக்குள்ளயும் 16 ஷீட் இருக்கும். 1:50,000 ஷீட்டையே எடுங்க, 2 செ.மீ.னா தரையில 1 கி.மீ. பிரிண்ட் போடுற கடையில பேப்பருக்குள்ள அடங்கட்டும்னு சுருக்கிடுவாங்க, அளவே கெட்டுடும், 100 சதவீதம்னு சொல்லிப் போடுங்க.

பிரவுன் கலர்ல வளைஞ்சு ஓடுற கோடுதான் உயிரு, ஒரே உசரத்துல இருக்குற எடத்தையெல்லாம் சேத்துப் போட்டது அது. கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உசரம், அஞ்சாவது கோடு தடிமனா இருக்கும், தடிமனுக்குத் தடிமன் 100 மீட்டர். ஸ்கேல் வச்சுப் பாருங்க, 1 செ.மீ.க்குள்ள மூணு தடிமன் கோடு வந்தா அரைக் கிலோமீட்டர்ல 200 மீட்டர் ஏறணும், மூட்டையோட அது சாதாரண ஏத்தம் இல்ல. கோடு மடங்குற கூர்முனை மேட்டுப்பக்கம் பாத்தா பள்ளம், தாழ்வுப்பக்கம் பாத்தா மலைமுதுகு. இது பழகணும்னா பென்னாகரத்துல இருந்து ஒகேனக்கல் எறங்குற ரோட்டை ஷீட்ல வெரல் வச்சுத் தடவிட்டே போங்க, பஸ்ல எத்தன தடவ எறங்கியிருப்பீங்க, ஒவ்வொரு வளைவும் தானா புரியும்.

நெறையபேர் ஏமாறுறது தண்ணியிலதான். நீலமா இருந்தா தண்ணி ஓடும், கறுப்புக் கோடுன்னா காஞ்ச ஓடை, மழை பேஞ்சாத்தான் உண்டு. இது தெரியாம ஒரு ஏப்ரல்ல கறுப்புக் கோட்டை நம்பிப் போய் நின்னேன், வெறும் மணலும் யானை தோண்டிப்போட்ட குழியும்தான், ஆடு மேய்ச்சுட்டிருந்த பெரியவர் "ஐப்பசில வா தம்பி, தண்ணி பாக்கலாம்"னு சொல்லிட்டு அவரு பாட்டில்ல இருந்து ஊத்திக் குடுத்தாரு. ஓடை பக்கத்துல 5rன்னு பொடியா எழுதியிருந்தா கரை 5 மீட்டர் உசரம்னு அர்த்தம், அந்த எடத்துல எறங்க முடியாது, வேற எடம் தேடுங்க.

ஷீட் ஓரத்துல சர்வே பண்ணின வருஷம் போட்டிருக்கும், பாருங்க. மலை அப்படியேதான் இருக்கும், ஒத்தையடிப் பாதை இருக்காது.

2014ல இருந்து இந்தக் காட்டுல பெரும்பகுதி காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம், அனுமதி இல்லாம உள்ள போகவே கூடாது. அனுமதி கேக்கப் போகும்போது ஷீட்டையும் வனத்துறை ரேஞ்ச் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போங்க, இப்போ யானை எந்தப் பள்ளத்துல நிக்குதுன்னு வாட்ச்சருங்கள கேட்டு அங்கயே பென்சில்ல சுழிச்சுக்கங்க.