ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் மருந்து டப்பாவை என்ன செய்வது?

போகி வந்தால் எங்கள் வீட்டில் முதலில் இறங்குவது ஃபிரிட்ஜ் மேலிருக்கும் பழைய பிஸ்கட் டப்பாதான். உள்ளே பாதி குடித்த இருமல் மருந்து, டாக்டர் எப்போதோ மாற்றிவிட்ட பிரஷர் மாத்திரை, எதற்கு வாங்கினோம் என்றே நினைவில்லாத களிம்பு. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும்.

பேப்பரை விரித்து எல்லாவற்றையும் கொட்டித் தேதி பாருங்கள். அட்டையில் 06/2026 என்று இருந்தால் அந்த ஜூன் மாதக் கடைசி நாள் வரை கணக்கு. தேதி இருந்த பக்கம் கிழிந்துபோன துண்டு அட்டை நேராகக் கழிவுக்குத்தான், ஊகம் வேண்டாம். கண் சொட்டு மருந்துக்குப் பெட்டியில் என்ன தேதி போட்டிருந்தாலும் திறந்து ஒரு மாதம் ஆகிவிட்டால் பெரும்பாலும் அதன் காலம் முடிந்தது. தண்ணீர் கலந்து வைத்த ஆன்டிபயாட்டிக் சிரப் அதிகபட்சம் ஒன்றிரண்டு வாரம்தான் தாங்கும். அட்டையில் நெடுக்காகச் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து, ஆன்டிபயாட்டிக் எல்லாம் அதில்தான் வரும். மிச்சமிருக்கிறதே என்று அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்காதீர்கள், "எனக்கும் அதே தொண்டை வலிதான்" என்று வரும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கொடுக்காதீர்கள்.

சரி, ஒதுக்கியதை எங்கே போடுவது? போகி நெருப்பில் மட்டும் வேண்டாம், பிளாஸ்டிக்கும் ரசாயனமும் சேர்ந்து எரியும் புகை நம் மூக்குக்குத்தான் வரும். சிங்க்கிலும் ஊற்ற வேண்டாம், சாக்கடை ஏரியிலோ ஆற்றிலோதான் போய்ச் சேரும், அங்கே கலக்கும் ஆன்டிபயாட்டிக், மருந்தை எதிர்க்கக் கிருமிகளைப் பழக்கிவிடும். 2016-லேயே திடக்கழிவு விதிகள் காலாவதி மருந்தை வீட்டு அபாயக் கழிவு என்று தனியாக வைக்கச் சொல்லிவிட்டன. கேரளத்தில் 2025-இல் கோழிக்கோட்டில் பழைய மருந்தை வீட்டிலிருந்து வாங்கிப்போகவே ஒரு திட்டம் தொடங்கினார்கள். நம் தெருவில் தூய்மைப் பணியாளர் தனியாக வாங்கிக்கொள்வாரா, மருந்துக்கடையில் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

யாரும் வாங்கவில்லை என்றால், மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுங்கள், பொடிக்க வேண்டாம். பழைய பிளாஸ்டிக் டப்பாவில் ஃபில்டர் காபிச் சக்கையோ டீத்தூள் சக்கையோ மண்ணோ போட்டு அதில் கலந்து, சிரப்பையும் அதிலேயே ஊற்றி, இறுக மூடி, மேலே "காலாவதி மருந்து" என்று எழுதிக் குப்பையில் தனியாகக் கொடுங்கள். இவ்வளவு பாடு எதற்கு என்றால், அந்தக் குப்பையை மாடும் நாயும் கிளறும், வெறும் கையால் பிரிப்பவர்களும் இருக்கிறார்கள், சில சமயம் குழந்தைகளும். சீட்டிலும் பாட்டிலிலும் உள்ள உங்கள் பெயரைக் கிழித்துவிடுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால், பதற்றத்துக்குக் கொடுக்கும் டயஸிபம் போன்ற 17 மருந்துகளை மட்டும் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடச் சொல்கிறது மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் 2025 வழிகாட்டி. வேறு யார் கையிலாவது சிக்கினால் ஒரே ஒரு மாத்திரையோ தோலில் ஒட்டும் மருந்துப் பட்டையோகூட உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதால்தான் இப்படி. வீட்டில் புற்றுநோயாளி இருந்திருந்தால் இதை முதலில் தேடுங்கள். ஃபென்டனில் பட்டை பயன்படுத்திய பிறகும் மருந்தை வைத்திருக்கும், ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து அதையும் கழிப்பறையில் போட்டுவிடுங்கள்.

இன்சுலின் ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடியை டேப் ஒட்டிக் கொடுங்கள், ஆஸ்துமா பம்பை ஓட்டை போடவோ எரிக்கவோ கூடாது, வெடிக்கும்.

அப்புறம் இன்னொன்று. நாளுக்கு ஒன்றாக ஐந்து நாள் மருந்துக்குப் பத்து மாத்திரை அட்டையை முழுசாக வாங்கவேண்டாம், வெட்டித்தரச் சொல்லிக் கேளுங்கள், முழு அட்டையாகவே வந்தாலும் தேதி இல்லாத முனையிலிருந்து பிதுக்கிச் சாப்பிட்டுக்கொண்டு வாருங்கள்.