ஃபைப்ரோமயால்ஜியா: தூக்க விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களிடம் காலையில் பேசிப் பாருங்கள். "எட்டு மணி நேரம் படுத்திருந்தேன், எழுந்தா உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கு" என்பார்கள். கழுத்து, தோள்பட்டை, இடுப்பு, தொடை என்று உடம்பு முழுக்க மாதக்கணக்கில் வலி. எக்ஸ்ரே, மூட்டுவாதத்துக்குப் பார்க்கும் ஈ.எஸ்.ஆர்., ஆர்.ஏ. ஃபேக்டர் ரத்தச் சோதனைகள் எல்லாம் நார்மல். "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லையே, அப்புறம் என்ன?" என்று வீட்டில் கேட்பார்கள். இந்த நோயில் வலியும் அசதியும் எவ்வளவு முக்கியமோ, தூங்கி எழுந்தும் களைப்பு தீராததும் அவ்வளவு முக்கியமான அறிகுறி.

வலி குறையட்டும், தூக்கம் தானாக வரும் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. கனடாவின் டொரான்டோவில் ஹார்வி மோல்டோஃப்ஸ்கியும் அவரது குழுவும் 1975-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வலி எதுவும் இல்லாத ஆரோக்கியமான ஆட்களைத் தூங்கவைத்து, ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும்போதெல்லாம் சத்தம் எழுப்பிக் கலைத்தார்கள். சில இரவுகளிலேயே அவர்களுக்குத் தசைவலி வந்தது, தொட்டால் நோகும் இடங்கள் வந்தன. வலி தூக்கத்தைக் கெடுக்கிற மாதிரியே கெட்ட தூக்கமும் வலியைக் கூட்டுகிறது. அதனால் தூக்கத்துக்குத் தனியாக வைத்தியம் பார்க்கத்தான் வேண்டும்.

அடுத்தது, விட்ட தூக்கத்தைப் பிடிக்க சீக்கிரம் படுப்பது. நேற்று தூங்கவில்லை, அதனால் இன்று எட்டரைக்கே படுத்துவிடலாம் என்று தோன்றும். தூக்கம் வராமல் பதினொன்றரை வரை புரள்வீர்கள். வலிக்கிற தோளை மேலே வைத்து ஒருமுறை, கீழே வைத்து ஒருமுறை. இரண்டு மணிக்கு விழிப்பு, மறுபடி புரளல், விடியும் நேரத்தில் அசந்து தூங்கி ஏழரைக்கு எழுவீர்கள். படுக்கையில் இருந்தது பதினொரு மணி நேரம், தூங்கியது ஆறு. இப்படியே பல வாரம் போனால், பாயில் சாய்ந்தாலே "இன்னைக்கும் தூக்கம் வராது" என்று உடம்பு விழித்துக்கொள்ளப் பழகிவிடும்.

தலைகீழாகச் செய்ய வேண்டும். எழும் நேரத்தை முதலில் நிலைப்படுத்துங்கள். ஐந்தரை என்றால் ஞாயிற்றுக்கிழமையும் ஐந்தரைதான். ஆறு மணி நேரம்தான் தூக்கம் வருகிறது என்றால் பதினொரு மணிக்குப் படுத்தால் போதும். தூக்கம் இடைவெளி இல்லாமல் வர ஆரம்பித்ததும் படுக்கும் நேரத்தைக் கால் மணி நேரமாக முன்னுக்குக் கொண்டுவரலாம். முதல் இரண்டு வாரம் பகலில் தள்ளாடும், பொய் சொல்ல மாட்டேன். சிபிடி-ஐ என்கிற தூக்கமின்மைச் சிகிச்சையின் முக்கியப் பகுதி இது. நாள்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்களுக்கு மாத்திரைக்கு முன்னால் இந்தச் சிகிச்சையைத்தான் தர வேண்டும் என்று 2016-ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு பரிந்துரைத்தது. வலிப்பு நோயோ இருதுருவ (பைபோலார்) கோளாறோ இருப்பவர்களும், வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களும் டாக்டரிடம் கேட்காமல் தூக்க நேரத்தைக் குறைக்கக் கூடாது.

தூக்கம் வராவிட்டால் இருபது நிமிடத்தில் எழுந்து வேறு அறைக்குப் போய் உட்காருங்கள் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். எழுதியவர்களுக்கு முட்டி பிடித்துக்கொண்டதே இல்லை போலிருக்கிறது. எழுந்து நடப்பதே கஷ்டம் என்றால் சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்து, மங்கிய வெளிச்சத்தில் ஏதாவது படியுங்கள். கண் சொக்கும்போது படுத்தால் போதும்.

நல்ல நாளை மொத்தமாகச் செலவழிப்பது பலருக்குத் தவறாகவே தெரியாது. தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் வலி கொஞ்சம் விட்டிருக்கும். இன்றைக்கே முடித்துவிடலாம் என்று ஒட்டடை அடித்து, திரைச்சீலை துவைத்து, சாயங்காலம் அடுப்பு முன்னால் நின்று இரண்டு கிலோ மாவுக்கு முறுக்கு பிழிவார்கள். அன்று ராத்திரி தோள்பட்டை பற்றி எரியும். அடுத்த இரண்டு நாளும் படுக்கையிலேயே கிடப்பதால் பகலில் தூங்கி, ராத்திரித் தூக்கமும் போகும். முறுக்குக் குழலை அரைமணிக்கு ஒருமுறை இன்னொருவர் கையில் கொடுங்கள், உட்கார்ந்து பிழியுங்கள், திரைச்சீலை அடுத்த வாரம் வரை இருக்கட்டும். கெட்ட நாளிலும் பத்து நிமிடமாவது நடக்க வேண்டும். ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலர் 2017-ல் வெளியிட்ட ஃபைப்ரோமயால்ஜியா பரிந்துரைகளில் உறுதியாகச் சிபாரிசு செய்த ஒரே சிகிச்சை உடற்பயிற்சிதான்.

மதியம் படுத்தே ஆக வேண்டுமென்றால் அலாரம் வைத்து அரைமணி, அதுவும் மூன்று மணிக்குள்.

மாத்திரைகளுக்கு வருவோம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்லோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் இந்த நோய்க்கு உதவுவதாகச் சான்று இல்லை. தினமும் போட்டால் வயிறும் சிறுநீரகமும்தான் கெடும். டாக்டர் ராத்திரிக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் (வலிக்கும் தூக்கத்துக்கும் தரும் மாத்திரை) எழுதியிருந்தால், பலர் அதைப் படுக்கும்போது பதினொரு மணிக்குப் போட்டுவிட்டு, காலையில் தலை கனக்கிறது என்று தாங்களே நிறுத்திவிடுகிறார்கள். ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாகப் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டாலே சிலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடலாம். நரம்பு வலிக்குத் தரும் பிரீகாபலினைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. பாட்டியின் டப்பாவிலிருந்து அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரையைத் தூக்கத்துக்காக எடுத்துப் போடுவது இதையெல்லாம்விட மோசம். சீக்கிரம் பழகிவிடும். டிராமடோல் போன்ற வலி மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சையே அமுக்கும்.

காபியைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. உள்ளே போன காஃபினில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. அதனால் ஐந்து மணி டிகாக்‌ஷனில் பாதி, ராத்திரி பத்துக்கும் உடம்பில் இருக்கும். மதியத்தோடு நிறுத்துவது நல்லது. தலைவலிக்குப் போடும் மாத்திரைகள் சிலவற்றிலும் காஃபின் உண்டு. அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும் ஃபைப்ரோமயால்ஜியா தலையில் கட்டுவது. சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறார் என்று கூடப் படுப்பவர் சொன்னால், அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம், அதற்குச் சோதனை தனி. படுத்ததும் கால் குடைந்து, உதறினால் அல்லது எழுந்து நடந்தால் சரியாகிறதா? பிள்ளைகளைக் கூப்பிட்டு "காலைக் கொஞ்சம் அமுக்கி விடு" என்று தினமும் சொல்கிறீர்களா? அது ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் ஆக இருக்கலாம். இரும்புச் சத்துக் குறைந்தால் அது வரலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கும்போது, இதைப் பார்க்காமல் விடுவது அநியாயம். ஹீமோகுளோபின் நார்மலாக இருந்தாலும் உள்ளே இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம், அதனால் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அமிட்ரிப்டிலின் போடுகிறவர் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சிலருக்கு இந்தக் குடைச்சலை அதுவே கூட்டும்.