வகுப்பில் பரிசு கொடுப்பது எப்படி: பிள்ளைகள் முட்டிக்கொள்ளாமல் இருக்க

"முதலில் முடிப்பவருக்கு ஸ்டார்" என்று சொல்லிப் பாருங்கள். ரப்பர் கேட்டால் கொடுக்க மாட்டார்கள், நோட்டைக் கையால் மறைப்பார்கள். குணம் கெட்டதால் அல்ல. ஒருவர் ஜெயிக்க மற்றவர் தோற்றாக வேண்டும் என்ற விதிதான் காரணம். விதியை மாற்றுங்கள்.

ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகள் என்றால், வகுப்பு முழுவதற்கும் ஒரே கண்ணாடி ஜாடி போதும். சுமார் 20 கோலிக்குண்டு பிடிக்கும் அளவில் எடுங்கள். முதல் ஜாடி நான்கைந்து நாளில் நிரம்ப வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் சின்னப் பிள்ளைகள் நம்பிக்கை இழப்பார்கள். பொருட்களை எடுத்து வைப்பது, வரிசையில் நிற்பது போன்ற பொது வேலைகளுக்கு மட்டும், அந்த நிமிடமே காரணம் சொல்லிக் கோலி போடுங்கள். நிரம்பினால் கூடுதலாகப் பத்து நிமிட விளையாட்டு.

போட்ட கோலியைத் திரும்ப எடுக்கவே கூடாது. ஒரு பிள்ளையின் குறும்புக்காக எடுத்தால், "உன்னாலதான் போச்சு" என்று மொத்த வகுப்பும் அந்தப் பிள்ளை மேல் பாயும்.

குழு வேலைக்கு மூன்று, நான்கு பேர் போதும். "முதலில் முடிக்கும் மேசைக்குப் பரிசு" என்று சொல்லாதீர்கள். "ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கும் எல்லா மேசைக்கும்" என்று சொல்லுங்கள். கெட்டிக்காரப் பிள்ளையே எல்லாவற்றையும் செய்து முடித்துவிடுவது அடுத்த சிக்கல். ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுத்து, கடைசியில் யாராவது ஒருவரை விளக்கச் சொல்லுங்கள். யாரைக் கேட்பீர்கள் என்று தெரியாததால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை குழுவைக் கலைத்துவிடுங்கள், இல்லையென்றால் மேசைகளே எதிரணிகளாகிவிடும்.

தானாகச் செய்வதற்கு விலை வைக்காதீர்கள். 1973இல் உளவியலாளர் மார்க் லெப்பர் குழுவினரின் ஆய்வில், சான்றிதழ் தருவதாக முன்பே சொல்லி வரையவைத்த மழலைகள், பிறகு மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே விரும்பி வரைந்தார்கள். சொல்லாமல் கொடுத்தபோது ஆர்வம் குறையவில்லை. உதவிக்கும் இதே கதைதான்: 2008இல் வெளியான ஓர் ஆய்வில், உதவியதற்குப் பொருள் பெற்றுவந்த 20 மாதக் குழந்தைகள் பின்னர் குறைவாகவே உதவினார்கள், பாராட்டு மட்டும் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. அதனால் உதவிக்குக் கோலி வேண்டாம். "நீ ரப்பர் கொடுத்ததால அவன் முடிச்சான்" என்று பார்த்ததைச் சொன்னால் போதும்.

"இதுக்குக் கோலி உண்டா?" என்று கேட்கத் தொடங்கினால் ஜாடியைக் குறைக்கும் நேரம். தினமும் போட்டதை ஒருநாள் விட்டு ஒருநாளாக்குங்கள். பழக்கமாகிவிட்ட வேலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, இன்னும் தடுமாறும் வேலைக்கு மட்டும் ஜாடியை வைத்துக்கொள்ளுங்கள்.